பழைய ஸ்வெட்டரில் புது குல்லா... வெட்டுறதுக்கு முன்னாடி சுருக்குங்க!

ஊட்டி டூரில் வாங்கிய ஸ்வெட்டர், முழங்கை ஓட்டையாகி பீரோ அடியில் கிடக்கிறதா? மார்கழிப் பனியில் வாக்கிங் போகும் அப்பாவுக்கு அதிலேயே ஒரு குல்லா தைத்துவிடலாம். மங்கி கேப் என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட இதைப் போட்டுக்கொள்வார்கள்!

கத்திரியை எடுக்கும் முன், உள்தையலில் ஒரு துண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால், கம்பளி. உருகிக் கெட்டியானால் அக்ரிலிக். மலிவு விலை ஸ்வெட்டர்கள் பலவும் இந்த ரகம்தான்.

கம்பளியைச் சுடுநீரில் போடாதே என்பார்கள். இங்கே அதைத்தான் செய்யப்போகிறோம். கம்பளி இழை முழுக்க நுண்ணிய செதில்கள். சுடுநீரில் சோப்பு போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கித் தடிக்கும். பிறகு வெட்டினாலும் நூல் பிரியாது. அக்ரிலிக் இப்படிச் சுருங்காது. வெட்டும் கோட்டின் இருபுறமும் முதலில் தையல் ஓட்டிவிடுங்கள்.

காய்ந்ததும் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பரப்புங்கள். அடிப்பட்டைதான் குல்லாவின் விளிம்பு. மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். அதிலிருந்து 24 செ.மீ. உயரத்துக்குக் கோபுர வளைவாக வரையுங்கள். தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்றால் அகலம் 28 போதும். துணி இழுபடாமல் விறைத்திருந்தால் 30.

இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டி, வளைவைச் சுற்றி ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் என்றால், தலையில் மாட்டி இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். திருப்பினால் குல்லா ரெடி. விளிம்பு காதை முழுசாக மூடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.