உள்ளடக்க முகாமைத்துவ முறைமை: ஓர் இலக்கிய வட்டத்தின் அனுபவம்

சென்ற வருடம் நோன்புப் பெருநாளைக்கு அடுத்த கிழமை, எங்கள் ஊர்க் கவிஞர் ஒருவரின் மகன் வீடு தேடி வந்தார். கவிஞர் மௌத்தாகி மூன்று வருடங்கள். "டீச்சர், உங்கட இலக்கிய வட்டத்து வெப்சைட்ல வாப்பாட பேட்டி ஒண்டு இருந்திச்சே, அவர்ட குரல்லயே. புள்ளையளுக்குப் போட்டுக் காட்டப் பார்த்தன். ஏதோ சூதாட்டப் படமெல்லாம் வருது" என்றார்.

அப்போதுதான் திறந்து பார்த்தேன். தளம் போய்விட்டிருந்தது.

நடந்தது இதுதான். அத்தளத்தை ஊர்த் தம்பி ஒருவர் அன்போடு இலவசமாகச் செய்து தந்திருந்தார். பின்னர் அவர் வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போனார். தளத்தின் பெயர் அவருடைய ஈமெயிலில் பதிவாகியிருந்தது. வருடாந்தப் புதுப்பிப்பு அறிவித்தல்கள் அவர் திறக்காத அந்த ஈமெயிலுக்கே போய்க் குவிந்தன. கெடு முடிந்த பெயரை யாரோ வாங்கிச் சூதாட்டப் பக்கமாக்கிவிட்டார்கள். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேட்டு வைக்காதது எங்கள் பிழை.

உண்மையில் அந்தத் தளம் அதற்கு முன்பே உறங்கிப்போயிருந்தது. ஒரு கவிதையைச் சேர்ப்பதென்றாலும் தம்பியைத்தான் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பு. கவிதையும் அதன் நிறமும் மேலேயுள்ள பட்டியலும் ஒரே கோப்புக்குள் பின்னிக் கிடந்தன. பட்டியலில் ஒரு சொல்லை மாற்ற எண்பது கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது.

உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று பாடநூல் பாணியில் நாம் சொல்லும் மென்பொருள் இந்தப் பின்னலைத்தான் பிரிக்கிறது. எழுத்து ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் 'தீம்' எனப்படும் வேறொரு பகுதியில் இருக்கும். வாசகர் முகவரியைத் தட்டும்போது சேவர் இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கிக் கொடுக்கும். கையெழுத்துப் பிரதி வேறு, அச்சுக்கோப்பு வேறு என்பது அச்சகத்தில் காத்துக் கிடந்தவர்களுக்குப் புதிய சங்கதியல்ல. ஈமெயில் எழுதத் தெரிந்தவர் கட்டுரையும் பதிவேற்றலாம்.

துருபல், ஜூம்லா என்று இவ்வகையில் பல உண்டு. நாங்கள் எடுத்தது வேர்ட்பிரஸ். 2003இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், கைவிடப்பட்டிருந்த வேறொரு மென்பொருளிலிருந்து இதை வளர்த்தெடுத்தார்கள். இன்று உலகத் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இதிலேயே ஓடுகின்றன, மென்பொருளுக்குக் காசில்லை. பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும்தான் வருடாவருடம் செலவு. (நமது நூல்களைத் தேடி நாம் அடிக்கடி போகும் நூலகம் தளம், விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கியில் அமைந்தது. பலர் கூடித் திருத்தும் பட்டியல் வேலைக்கு அது பொருந்தும். சஞ்சிகை போன்ற தளத்துக்கு வேர்ட்பிரஸ் இலகு.)

தமிழில் எழுதுவோருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கட்டுரைத் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே பக்க முகவரியை அமைக்கும். தமிழ்க் குறியீடு ஒன்று அந்த முகவரியில் 9 இடங்களைப் பிடிக்கும். தலைப்புக்குரிய இடமோ மொத்தம் 200. ஆகவே 22 குறியீடுகளோடு தலைப்பு அறுந்துவிடும். 'கி' நமக்கு ஓரெழுத்து; கணினிக்குக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. தொல்காப்பியர் பார்த்தால் சிரிப்பார். வெளியிடுமுன்பே ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி ஒன்றைக் கையால் எழுதிவிடுவதே இதற்குப் பரிகாரம்.

நான் மிகவும் விரும்புவது திருத்த வரலாறு. ஒரு கவிதையை ஐந்து முறை திருத்தினால் ஐந்து வடிவங்களும் உள்ளே இருக்கும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் பாடபேதம் படித்த எனக்கு அது தனிச் சுகம். அதுபோல ஆளுக்கொரு பொறுப்பும் கொடுக்கலாம். ஏ.எல். மாணவிகள் 'பங்களிப்பாளர்': எழுதலாம், வெளியிட ஏலாது. வெளியிடுவது நானும் இன்னொரு ஆசிரியரும்.

பிழைகளும் விட்டோம். பிள்ளைகள் சிறுகதை, சிறுகதைகள், சிறு கதை என்று மூன்று வகைப்பாடுகள் திறந்து வைத்திருந்தார்கள். வகைப்பாட்டை முதலில் கடதாசியில் எழுதி ஒட்டிவிட்டே தளத்தைத் திறக்க வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. காசுக்கு விற்கும் தீம் ஒன்றை யாரோ 'சும்மா' தருகிறார்கள் என்று ஒரு மாணவன் கொண்டு வந்தான். அப்படி வருபவற்றில் களவுக் கதவு ஒளிந்திருப்பது சாதாரணம். அடுத்தவர் உழைப்பின் ஹக் வேறு. வேண்டாமென்றேன். பிளகின்களும் அப்படித்தான். ஆக்கியவர் கைவிட்டு, வருடக்கணக்காகப் புதுப்பிக்காத ஒன்று போதும், தளம் பறிபோக. எங்களிடம் இப்போது ஐந்துதான் இருக்கின்றன. வேர்ட்பிரஸ், தீம், பிளகின் மூன்றையும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒருவர் புதுப்பிக்கிறார். அதற்கு முன் பிரதி எடுக்கிறார்.

பிரதி விடயத்தில் ஒரு பாடம். 'ஏற்றுமதி' என்ற பொத்தானை அழுத்தி வரும் கோப்பைப் பல மாதங்கள் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தோம். ஹோஸ்டிங் மாற்றும்போது பார்த்தால் எழுத்து மட்டுமே இருந்தது. படமும் ஒலியும் அதில் இல்லை, அவற்றின் முகவரிகள்தான் இருந்தன. நல்லவேளை, பழைய சேவர் இன்னும் மூடப்படவில்லை. தரவுத்தளம், கோப்புறைகள் இரண்டையும் எடுத்தால்தான் அது முழுப் பிரதி. ஒன்று என் வீட்டில், ஒன்று செயலாளரிடம்.

தளத்தின் பெயர் இப்போது வட்டத்தின் பொது ஈமெயிலில் இருக்கிறது. அதன் கடவுச்சொல் மூவரிடம் உண்டு. புதுப்பிக்கும் திகதி கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில், சந்தாக் கணக்குக்கு மேலே எழுதப்பட்டிருக்கிறது.

கவிஞரின் பக்கங்களை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடினேன். பதினொரு கவிதைகள் கிடைத்தன. எல்லாம் பாமினியில்: ஆங்கில எழுத்துக்குத் தமிழுருவம் போர்த்திய பழைய முறை. யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டபோது, இடையில் கிடந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழெழுத்தாக்கிவிட்டது. கண்ணால் ஒவ்வொரு வரியாகத் திருத்தினோம். அவை இப்போது தளத்தில் இருக்கின்றன.

ஒலிப்பதிவு கிடைக்கவில்லை. பேட்டி எடுத்த அன்று மண்டபத்தில் நாற்பது பேராவது இருந்தார்கள். சிலர் போனிலும் பதிந்தார்கள். பழைய போன் எதையாவது இன்னும் எறியாமல் வைத்திருப்பவர்கள் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.