மந்தைவெளியும் விருந்தாளியும்

ஓர் ஊரின் ஸ்தல சபையானது தன் ஊர்ப் பொதுவெளியைக் காட்டி அயல்நாட்டுச் செல்வர்களை அழைக்கப் புறப்படுமானால், அவ்வூரார் கேட்க வேண்டிய முதற் கேள்வி "எவ்வளவு பணம் வரும்?" என்பதன்று, "அந்த வெளி யாருடையது?" என்பதேயாகும். முதற் கேள்வியைக் கேட்பவன் வியாபாரி. இரண்டாவது கேள்வியைக் கேட்பவன் பிரஜை. ஸ்காட்லாந்து தேசத்தின் கோல்ப் மைதானங்களுக்குச் சீனப் பிரயாணிகளை வரவழைக்க அங்குள்ள ஸ்தல ஸ்தாபனங்களும் பிரயாண வர்த்தகத்தாரும் சில வருஷங்களாகக் காட்டிவரும் ஆர்வத்தைப் பார்க்கும்போது, இவ்விரண்டு கேள்விகளையும் பிரித்தறிவது அவசியமென்று நமக்குத் தோன்றுகிறது.

2018-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பீக்கிங் நகரத்துக்கும் எடின்பரோவுக்கும் இடையே சீனக் கம்பெனி ஒன்றின் விமானம் பறக்கத் தொடங்கியது. 2020-ல் உலகைப் பீடித்த கொள்ளைநோய் இடையில் வந்து போக்குவரத்தை முடக்கிற்று. ஆயினும் ஆசை முடங்கவில்லை. கோல்ப் ஆட்டத்தின் தாயகம் ஸ்காட்லாந்து. சீனத்திலோ புதிதாகப் பணம் படைத்த வகுப்பார் பெருகியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்தால் ஊர் செழிக்கும் என்பது கணக்கு. கணக்கு பிழையென்று நாம் சொல்லவில்லை. ஃபைப் ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் ஆயிரக்கணக்கானவர்க்குச் சோறிட்டன. கடைசி ஆழ்சுரங்கமான லாங்கானட் 2002-ல் வெள்ளம் புகுந்து மூடப்பட்டது. கிர்க்கால்டியின் லினோலியம் தொழில் முன்பே தேய்ந்துவிட்டது. இத்தகைய ஜில்லாவின் சபையார், கடவுள் தந்த கடற்கரையையும் புல்வெளியையும் கொண்டு ஜீவனத்துக்கு வழி தேடினால் அவர்களை யார் குறை கூற முடியும்?

ஆனால் அந்த ஜில்லாவின் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில், உலகத்துக் கோல்ப் ஆட்டக்காரர்களெல்லாம் தீர்த்த யாத்திரை போல் நாடிவரும் பழைய மைதானம் ஒரு தனவந்தரின் தோட்டமன்று. ஒரு கம்பெனியின் சொத்துமன்று. அது ஊர்ப் புறம்போக்கு. நம் ஊர் மந்தைவெளி எப்படியோ அப்படி. அதன் முதற் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் குறுக்கே இன்றும் ஒரு பொதுப் பாதை போகிறது. விசேஷப் பந்தயக் காலங்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. அன்று ஊரார் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் புல்வெளியில் உலாவுகிறார்கள். பல நூறு பவுன் செலவிட்டுக் கடல் கடந்து வந்த கோடீசுவரனும் அன்று மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இந்த உரிமை தானாக வந்ததன்று. 1552-ம் வருஷத்தில் ஹாமில்டன் என்னும் ஆர்ச்பிஷப், அந்த மணற்பாங்கான நிலத்தில் முயல் வளர்க்க ஊராரிடமிருந்து சம்மதம் பெற்றார். அதற்குப் பிரதியாக, கோல்ப் ஆடவும், பந்து உதைக்கவும், அம்பெய்யவும், கால்நடை மேய்க்கவும் ஊராருக்குள்ள உரிமையை ஒரு சாஸனத்தின் மூலம் உறுதி செய்தார். ஆக, ஆதிப் பத்திரத்திலேயே இரண்டு கட்சிகள் இருந்தன: ஒன்று ஊரார், மற்றொன்று முயல்.

245 வருஷங்கள் கழித்து முயல் ஜெயித்தது. 1797-ல் நகரசபை கடனில் மூழ்கியிருந்தது. சபையார் என்ன செய்தார்கள்? புறம்போக்கை விற்றார்கள். பிற்பாடு நிலம் டெம்ப்ஸ்டர் என்ற வர்த்தகக் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. அவர்கள் மாமிசத்துக்கும் தோலுக்குமாக அங்கே முயல்களை விட்டு வளர்த்தார்கள். நூற்றாண்டுகளாக ஆடிவந்த நிலம் வளை வளையாகக் குடையப்பட்டது. ஊராரும் ஆட்டக்காரரும் நியாயஸ்தலம் ஏறினார்கள்; வழக்கு பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 1821-ல் பக்கத்து நிலச்சுவான்தாரான ஜேம்ஸ் சீப் என்பவர், ஆட்டத்தின்மேல் கொண்ட பற்றினால், நிலத்தை விலைக்கு வாங்கி அதைக் காப்பாற்றினார். நகரசபை தன் சொத்தைத் திரும்பப் பெறுவதற்கு 1894-ம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டம் தேவைப்பட்டது. ஒரு நாள் நெருக்கடியில் கைவிட்டதை மீட்க ஏறக்குறைய நூறு வருஷங்கள்!

நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. கிராமத்துப் பொது நிலம் ஒரே இரவில் பறிபோவதில்லை. முதலில் ஒரு வருஷக் குத்தகை, பிறகு புதுப்பித்தல், பிறகு வேலி, கடைசியில் "இது எங்கள் அனுபோகம்" என்று ஒரு பதில் மனு. ஆரம்பக் கையெழுத்தை இட்டவர்கள் துரோகிகளாக இருக்க வேண்டுமென்பதில்லை. பெரும்பாலும் அவர்கள் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுந்த கவலையில் இருந்த யோக்கியமான சபையாரேயாவர். அதனால்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மீட்ட நிலத்தை இனிக் காப்பது எப்படி என்பதையும் ஸ்காட்லாந்தியர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். பழைய நகரசபைகள் கலைக்கப்படவிருந்த சமயத்தில், 1974-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒரு தர்மகர்த்தா சபை ஏற்பட்டது. நிலம் ஸ்தல சபையின் உடைமை. நிர்வாகம் தர்மகர்த்தாக்களின் பொறுப்பு. 1946 வரையில் ஊரார் கட்டணமின்றியே ஆடினார்கள். இன்றும் உள்ளூரார் வருஷச் சீட்டுக்குக் கொடுப்பது சில நூறு பவுன். வெளியூரார் பருவ காலத்தில் பழைய மைதானத்தில் ஒரே ஓர் ஆட்டத்துக்குக் கொடுப்பது 300 பவுனுக்கு மேல். முன்கூட்டி இடம் பிடிக்காதவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல் உண்டு. குலுக்கலில் பிரபுவும் ஒன்றுதான், பால்காரனும் ஒன்றுதான்.

இனிச் சீனத்தைப் பார்ப்போம். குழியை நோக்கிப் பந்தை அடிக்கும் சூயிவான் என்ற ஆட்டத்தைப் பற்றி 1282-ம் வருஷத்திலேயே ஒரு நூல் எழுதிய தேசம் அது. ஆகவே ஆட்டம் அவர்களுக்கு அந்நியமென்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். நவீன கோல்ப் மைதானம் அங்கே முதலில் திறக்கப்பட்டது 1984-ல், குவாங்டுங் மாகாணத்துச் சுங்ஷானில். அதற்குப் பிறகு மைதானங்கள் காளான்போல் முளைத்தன. விளைநிலமும் தண்ணீரும் பறிபோவதைக் கண்ட சீன சர்க்கார் 2004-ல் புதிய மைதானங்களைத் தடை செய்தது. தடைக்குப் பின்னரும், பூங்கா என்றும் உடற்பயிற்சி நிலையம் என்றும் பெயர் சூட்டி, அங்குள்ள ஸ்தல அதிகாரிகளின் கண்ணெதிரிலேயே நூற்றுக்கணக்கில் மைதானங்கள் எழுந்தன. 2015-ல் ஆளுங் கட்சி தன் அங்கத்தினர் கோல்ப் சங்கங்களில் சேருவதற்கு விலக்கு விதித்தது. 2017-ல் 111 மைதானங்களை மூடுமாறு உத்தரவாயிற்று. வருமானத்தில் கண் வைத்த ஸ்தல அதிகாரி தன் மேலிடத்துச் சட்டத்தையே ஏய்ப்பான் என்பதற்குச் சீனத்தை விடச் சிறந்த சாட்சி வேண்டுமா? ஸ்காட்லாந்திலும் 1457-ல் அரசர் இரண்டாம் ஜேம்ஸ், ஜனங்கள் வில் வித்தையை மறக்கிறார்கள் என்று இதே ஆட்டத்தைத் தடுத்தார். இரண்டு தேசத்திலும் தடை தோற்றது.

சீன விருந்தாளியை ஒரு பணப்பையாக மாத்திரம் எண்ணுவது கண்ணியமாகாது. அவன் நாட்டுக்கு ஸ்காட்லாந்து பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1832-ல் காண்டனில் பெரும் வர்த்தக ஸ்தாபனம் நிறுவிய ஜார்டினும் மாதிஸனும் ஸ்காட்லாந்தியரே. அவர்கள் விற்ற சரக்கில் முக்கியமானது நம் பாரத பூமியில் விளைந்த அபினி. அந்த வியாபாரத்தைக் காக்க நடந்த யுத்தத்தில், 1841-ல், காண்டனுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றவர்களில் 37-வது சென்னைச் சுதேசிக் காலாட்படைச் சிப்பாய்களும் இருந்தார்கள். மாதிஸன் சம்பாதித்த பொருளைக் கொண்டு 1844-ல் லூயிஸ் தீவு முழுவதையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சீனத்தின் பேரன்மார் இன்று விருந்தாளியாக வரும்போது, சீன எழுத்தில் ஒரு பலகையும், சூடான வெந்நீரும், மரியாதையான சொல்லும் கொடுப்பது வியாபார தந்திரமாக அல்ல, கடமையாகவே நடைபெற வேண்டும்.

ஆனால் மரியாதை வேறு, சரணாகதி வேறு. பெரும் பணத்தின் முன் சபைகள் தலை வணங்கினால் என்ன விளையும் என்பதை அபர்டீன் ஜில்லாவிலே காணலாம். அங்கே மெனி என்னுமிடத்தில் நூறு கோடி பவுன் போட்டுக் கோல்ப் நகரம் அமைப்பதாக அமெரிக்கச் செல்வர் டொனால்டு டிரம்ப் வாக்களித்தார். 2007-ல் ஸ்தல சபையின் கமிட்டி, தலைவரின் நிர்ணய வோட்டினால், அதை நிராகரித்தது. எடின்பரோ சர்க்கார் விஷயத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு 2008-ல் அனுமதி கொடுத்தது. 2012-ல் மைதானம் திறந்தது. வாக்களித்த பெரிய ஹோட்டலோ அப்போது எழும்பவில்லை. காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த அபூர்வமான மணல் மேடுகள் புல் விரித்து நிறுத்தப்பட்டன. 2020-ல் அந்நிலம் விசேஷ விஞ்ஞானப் பாதுகாப்புப் பதவியையே இழந்தது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பது இதுதான். அந்தச் செல்வர் சீனரல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அபாயம் விருந்தாளியின் ஜாதியில் இல்லை. அழைப்பவரின் அவசரத்தில் இருக்கிறது.

ஆகவே, சீனர்களை அழைக்கும் எந்த ஸ்தல சபையும் மூன்று பிரதிக்ஞைகளை முன்னதாகச் செய்ய வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது, குலுக்கலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கை வைக்கக்கூடாது. பிரயாண ஏஜெண்டுகள் மொத்தமாக நேரத்தை வாங்கி மறு விலைக்கு விற்க இடம் கொடுத்தால், சட்டப் புத்தகத்தில் உரிமை இருக்கும். மைதானத்தில் ஊரான் இருக்க மாட்டான்.

இரண்டாவது, வரும் பணத்தில் ஊருக்கு நேரான பங்கு வேண்டும். 2024-ம் வருஷத்து ஸ்காட்லாந்துச் சட்டம், இரவு தங்கும் பிரயாணிகள்மேல் வரி விதிக்கும் அதிகாரத்தை ஸ்தல சபைகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஸெயிண்ட் ஆண்ட்ரூஸில் வீட்டு விலை ஸ்காட்லாந்தின் உச்சங்களில் ஒன்று. பிரயாணிகளுக்குப் படுக்கை விரிப்பவளும், மைதானத்தில் புல் வெட்டுபவனும் அந்த ஊரிலே குடியிருக்க வகையில்லாதிருந்தால், வளர்ந்தது ஊரன்று, ஹோட்டல். வரிப்பணம் விளம்பரத்துக்கு முன் வீட்டுக்குப் போகட்டும்.

மூன்றாவது, பொதுச் சொத்தின் ஜாபிதா ஜனங்களின் கண்முன் இருக்க வேண்டும். 2015-ம் வருஷத்து ஸ்காட்லாந்துச் சட்டம் ஊர்ப் பொது உடைமைகளைப் பதிவேட்டில் ஏற்றி வைக்கும்படியும், அவற்றைப் பராதீனம் செய்யுமுன் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும்படியும் சபைகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. 1797-ல் அப்படியொரு சட்டம் இருந்திருந்தால் முயல்கள் வந்திரா.

இந்தத் தூர தேசத்து நகரத்தோடு நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் நம் எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதையும் கண்டு, அந்த முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அவர் வைத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கூடம் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் "மெட்ராஸ் காலேஜ்" என்ற பெயரோடு விளங்குகிறது. நம் மணலில் அவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். அவர்கள் மணலில் நாமும் ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்த முறை நம் நகரசபைக் கூட்டத்தில், ஏரிக்கரையையோ மைதானத்தையோ கடற்கரையையோ "அபிவிருத்தி"க்காக ஒருவருக்கு ஒப்படைக்கும் தீர்மானம் வாசிக்கப்படும்போது, பார்வையாளர் வரிசையில் இருக்கும் அன்பர் ஒருவர் எழுந்து, "இந்த வெளி யாருடையது?" என்று கேட்கட்டும். பதில் வரும் வரையில் அவர் உட்கார வேண்டாம்.