தட்டை யார் எடுக்கணும்?

ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டால் தட்டை நீங்களே எடுத்து வைக்கணும். ஓட்டலில் க்ளீனர் எடுத்துடுவார். ஓட்டல் ஞாபகத்தில் மெஸ்ஸிலிருந்து எழுந்து போனால்? மேஜையில் தட்டு குவியும்! 32-பிட் விண்டோஸுக்கு அசெம்ப்ளி எழுதும்போது பலர் வழுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் அதற்கான மதிப்புகளை ஸ்டேக்கில் வைக்கிறீர்கள். வேலை முடிந்ததும் அதைக் காலி செய்வது யார்? 'ஸ்டாண்டர்ட் கால்' முறையில் அந்த ஃபங்ஷனே செய்யும். 'சி டிக்ளரேஷன்' முறையில் கூப்பிட்ட நீங்கள்தான் செய்யணும். சி கம்பைலர் ஹெட்டரைப் பார்த்துப் புரிஞ்சுக்கும். அதை அசெம்ப்ளிக்கு மாற்றும்போது, பொறுப்பு உங்க தலையில்!

விண்டோஸ் ஃபங்ஷன்களில் பெரும்பாலானவை முதல் ரகம். ஹெட்டரில் 'வின்ஏபிஐ' என்றிருக்கும். ஆனால் 'டபிள்யூஸ்பிரின்ட்எஃப்' முன்னால் இருப்பது 'வின்ஏபிஐவி'. கடைசியில் ஒரு 'வி', அவ்வளவுதான். எத்தனை மதிப்பு வரும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் அது காலி செய்யாது.

அந்த 'வி'யைக் கவனிக்காமல் 3 மதிப்புகளோடு கூப்பிட்டால், ஒவ்வொரு தடவையும் 12 பைட் மிச்சம். நாலு தடவை டெஸ்ட் பண்ணினால் ஒண்ணும் தெரியாது. லூப்பில் 1 லட்சம் தடவை ஓடினால்? 12 லட்சம் பைட்! வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டேக்கோ 1 எம்.பி.தான். ப்ராஜெக்ட் டெமோ அன்னிக்குப் பார்த்து புரோகிராம் படுத்துடும்.

அதனால் ஹெட்டரில் மூணு புள்ளியோ அந்த 'வி'யோ தென்பட்டால் உஷார். கூப்பிட்ட அடுத்த வரியிலேயே 'ஆட் ஈஎஸ்பி, 12' போட்டுடுங்க. தட்டை எடுத்தாச்சு!