எண்ணெய் கசியும் எஞ்சின்

காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது அது நின்றிருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளியைக் காண்கிறோம். முதல் நாள் காசளவாக இருந்த புள்ளி ஒரு மாதத்தில் உள்ளங்கையளவு ஆகிவிடுகிறது. பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் யாவரும் அறிந்த காட்சி இது. ‘கீழே ஒழுகினால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று பொருள்’ என வேடிக்கை பேசிச் சிலர் அதை விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ ஸ்பானரை எடுத்து, கண்ணிற்பட்ட நட்டுகளையெல்லாம் பலங்கொண்ட மட்டும் இறுக்கிவிடுகின்றனர். முன்னது அசட்டை, பின்னது அவசரம். இரண்டாலும் கசிவு நிற்பதில்லை.

புல்லட்டுக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட்டுகள் அங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் சென்றன. அவையும் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவையே. வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், தந்தையார் வாங்கிய புல்லட் இன்றும் வீட்டு வாயிலில் நிற்கிறது. ‘தரையெல்லாம் எண்ணெய்’ என்ற ஒரே குறைக்காக அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட எண்ணுவோர், அதற்கு முன் கசிவின் மூலத்தை ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கசிவை ஏன் அலட்சியம் செய்யலாகாது? முதலாவது, ஓடும்போது சிதறும் எண்ணெய் பின்சக்கரத்தின் டயரில் படியக்கூடும். வளைவில் சாயும் வண்டி அதனாலேயே சறுக்கிவிடும். இரண்டாவது, எண்ணெய் குறைந்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள புஷ் முதலிற் கெடும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடுவதும் உண்டு. ஒரு கேஸ்கெட்டை மாற்றத் தயங்கியவர் பின்னர் எஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரிடும்.

தேடுவதற்கு முன், எஞ்சினில் எங்கெங்கே எண்ணெய் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய புல்லட்டில் மூன்று தனித்தனி அறைகள் உண்டு. எஞ்சினுக்குரிய எண்ணெய், கிராங்க் கேஸோடு சேர்த்து வார்க்கப்பட்ட தொட்டியில் இருக்கிறது. இடப்பக்கத்துப் பிரைமரி செயின் மூடிக்குள் வேறு எண்ணெய். பின்னால் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட கியர் பெட்டிக்குள், அதனினும் தடித்த மசகு. ஆகவே கீழே விழுந்த துளியைத் துணியில் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். கருமையும் எரிந்த மணமும் இருந்தால் அது பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். பிசுபிசுப்பாகவும் தடிப்பாகவும் இருந்தால் கியர் பெட்டியிலிருந்து வந்தது, அல்லது பின்செயினுக்கு இட்ட மசகு.

அடுத்து நினைவிற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று: எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே ராக்கர் மூடியில் பிறந்த கசிவு, சிலிண்டரின் விலாவழியே இறங்கி, எதிர்க்காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கியர் பெட்டியின் அடியில் வந்து சொட்டும். நனைந்த இடங்களுள் மிக உயரமானதும், மிக முன்னால் உள்ளதும் எதுவோ அதையே முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளியது. எஞ்சின் நன்றாக ஆறியபின், மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பழைய பிசுக்கு முழுவதையும் கழுவுக. கார்ப்யுரேட்டரின் காற்று வாயிலைத் துணியால் மூடிக்கொள்ள மறவற்க. ஈரம் போகத் துடைத்து உலர்த்தியபின், சந்தேகமுள்ள இணைப்புகளின்மீது முகத்துக்கிடும் பவுடரை மெல்லியதாகத் தூவுக. பிறகு வாயிலை மூடிய துணியை எடுத்துவிட்டு, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடேற்றுக. வெண்மையில் முதற் கருங்கோடு எங்கே தோன்றுகிறதோ அதுவே கசிவின் மூலம். நின்றபடி ஓடும்போது தெரியாவிடில், ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வந்து பார்க்கலாம்.

ஆனால் இணைப்பைக் கண்டதும் அதைப் பிரிக்க முற்பட வேண்டாம். உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கிறதா என்பதை முன்னதாக அறிய வேண்டும். 350 புல்லட்டின் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் 346 கன சென்டிமீட்டர் இடத்திலுள்ள காற்றைக் கிராங்க் கேஸுக்குள் தள்ளுகிறது. அக்காற்று வெளியேறவே பிரீதர் என்ற மூச்சுக்குழாய் இருக்கிறது. பல வண்டிகளில் அதன் முனையில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று உண்டு. அது காற்றை வெளியே விடும். மீண்டும் உள்ளே வரவிடாது. ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டாலும், குழாய் மடங்கினாலும், பிசுக்கால் அடைபட்டாலும், காற்று வேறு வழி தேடும். நலிந்த கேஸ்கெட் எதுவோ அதன் வழியே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளிவரும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று கசியும்.

இதை நாம் பட்டே அறிந்தோம். டாப்பெட் மூடியின் கேஸ்கெட்டை மும்முறை மாற்றினோம், மும்முறையும் கசிந்தது. சினங்கொண்டு நட்டை இறுக்கியதில் மரை கழன்றதுதான் மிச்சம். ஈற்றில் பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது அது அடைபட்டிருக்கக் கண்டோம். அடைப்பை நீக்கி, மரையைச் சீர்செய்து, நான்காவது கேஸ்கெட்டை இட்டதும் கசிவு நின்றது. முதல் மூன்றும் குற்றமற்றவையே.

பிரீதர் சுத்தமாக இருந்தும், எஞ்சின் ஓடும்போது அதன் வழியே புகை இடைவிடாது பீறிட்டால், பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்திருத்தல் கூடும். சைலென்ஸரிலும் நீலப் புகை காணின் ஐயமில்லை. அந்நிலையில் வெளி இணைப்புகளைச் செப்பனிடுவதாற் பயன் சிறிதே.

அழுத்தம் சரியாக இருந்தால், பழுதான இணைப்பைக் கவனிக்கலாம். ராக்கர் மூடிகள், டாப்பெட் மூடி, வலப்பக்கத்து டைமிங் மூடி, அதன்மேலுள்ள எண்ணெய்ப் பம்ப்புகளின் மூடிகள், ராக்கருக்கு எண்ணெய் செல்லும் வெளிக்குழாயின் இணைப்புகள், அடியிலுள்ள வடிகால் போல்ட்டுகள் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டத் திருப்புளியோ உளியோ கூடாது. அலுமினியம் மென்மையானது; ஒரு கீறலே புதிய கசிவுக்கு வழியாகும். மரச்சீவல் அல்லது மழுங்கிய பித்தளைத் தகடு போதும். மூடி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, தடித்த கண்ணாடிமேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, மூடியின் முகத்தை அதில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். முகம் முழுதும் ஒரே சீராக மின்னினால் அது சமமானது. மினுங்காத இடம் பள்ளம். அது மறையும்வரை தேய்த்து, தூளை நன்கு கழுவிவிட வேண்டும்.

கேஸ்கெட் பசையை மிக மெல்லியதாகத் தடவுக. மிகுதியாக இட்டால், இறுக்கும்போது அது உள்ளே பிதுங்கி எண்ணெய் செல்லும் துளைகளை அடைத்துவிடும். வெளியே கசிவை நிறுத்தி, உள்ளே எஞ்சினை வறளச் செய்வதைவிடப் பெரிய தீங்கில்லை. வெளிக்குழாயின் செம்பு வாஷர்கள் நாளடைவில் கடினமாகிவிடும். மங்கிய சிவப்பாகக் காய்ச்சி நீரில் இட்டால் செம்பு மீண்டும் இளகும். பொற்கொல்லர் அறிந்த இவ்வித்தை இங்கும் உதவும். போல்ட்டுகள் பலவுள்ள மூடியை எதிரெதிர் மூலைகளாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். மரை கழன்றிருந்தால், துளையை விரித்து எஃகுச் சுருள் மரை பொருத்தித் தரும் கடைகள் உண்டு.

பிரைமரி மூடி ஒரே நட்டால் பிடிக்கப்பட்டிருப்பது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் ஒழுங்காக அமர்ந்தாலே போதும். இறுக்கத்தால் அதை ஈடுசெய்ய இயலாது. ஆனால் பிரைமரியில் எண்ணெயின் அளவு தானாக உயர்ந்துகொண்டே வந்தால், கிராங்க் தண்டின் சீல் வழியே எஞ்சின் எண்ணெய் அங்கே பாய்கிறது என்று அறிக. கிராங்க் கேஸின் இரு பாதிகள் சேரும் மடிப்பில் கசிந்தாலும் எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். இவ்விரண்டையும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுதல் நலம்.

கசிவென்று தோன்றும் ஒரு மயக்கத்தையும் சொல்லி முடிக்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போய், சில வாரங்கள் கழித்துத் திரும்பி வருகிறோம். அளவுகோலைப் பார்த்தால் எண்ணெய் மிகக் குறைவு. தரையிலோ ஒரு துளியும் இல்லை. நின்ற வண்டியில் எண்ணெய் பம்ப்பின் வழியே மெல்ல இறங்கி, கிராங்க் கேஸின் அடியில் தேங்கியிருக்கிறது. அப்போது புதிதாக ஊற்றினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மிகுதி எண்ணெய் பிரீதர் வழியே கொப்புளிக்கும். முதலில் எஞ்சினைச் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டி நிறுத்துக. பம்ப் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பியிருக்கும். பிறகு அளவு பார்த்து, குறைவு இருந்தால் மட்டும் ஊற்றுக.

கழுவிப் பார்த்தல், மூலத்தைக் காணல், மூச்சுக்குழாயைச் சோதித்தல், அதன்பின்னரே ஸ்பானரை எடுத்தல் என்னும் இவ்வரிசையை மாற்றாதிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் சில கேஸ்கெட்டுகளும் பல கசிவுகளுக்குப் போதும். மறுநாட் காலையில் வண்டியை எடுத்தபின் தரையைப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால், தந்தையாரின் வண்டி இன்னும் நெடுநாள் நம்முடன் இருக்கும்.