தோல்வாருக்கு மெழுகுக் காப்பு

வாரை வெட்டித் துளையிட்டு, வளையத்தைத் தைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். வார் கெடுவதோ பெரும்பாலும் அதன் ஓரத்திலேதான். மேற்பரப்பு இறுகியிருக்கும், வெட்டிய ஓரத்திலோ நார்கள் வாய் திறந்தபடி நிற்கும். வன்னியிலே மாரி பிடித்தால் அந்நார்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதும், பூஞ்சணமும் பிடிக்கும்.

இதற்குரிய மருந்து வன்னிக் காட்டிலேயே உண்டு. தேன் பிழிந்தபின் எஞ்சும் அடையை உருக்கி வடித்தால் மெழுகு கிடைக்கும். ஓரத்தின் கூரைச் சீவி, மணற்கடதாசியால் தேய்த்து, சிறிது நீர் தடவி, வழவழப்பான பாலைமரத் துண்டொன்றால் விரைந்து உரைஞ்சவேண்டும். சூட்டினால் நார்கள் படிந்து ஓரம் கறுத்து மினுங்கும். ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோல் இதற்கு நன்கு இணங்கும். குரோமியத் தோல் அவ்வளவாக இணங்காது.

மெழுகிடுகையில் அவசரம் ஆகாது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். ஈரமான பட்டைத்தோலோ 80 பாகையை அண்டினாற் சுருங்கிவிடும். ஆகவே ஓரம் நன்றாகக் காய்ந்தபின் மெழுகுக் கட்டியை நேரே தேய்த்து, துணியால் அழுத்தித் துடைப்பதே உத்தமம். கொதிக்கும் மெழுகில் வாரைத் தோய்ப்பவர் ஒருநாள் உழைப்பை ஒரு நொடியில் இழப்பர்.

வார்னிஷ் பூசுவாரும் உளர். மினுக்கம் உண்மைதான், ஆயின் வார் வளைய வளைய அது வெடித்து உதிரும். மெழுகு தேய்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

ஆவாரைத் தோல் வெயில் படப்படச் செந்நிறம் ஏறும் இயல்பினது. தமிழ்நாட்டுப் பதனிடுவோர் இதனைத் தடுக்கவே இறுதியிற் கடுக்காய் நீரில் ஊறவைத்தனர். நமக்கோ அச்செம்மையே பிடித்திருக்கிறது.