பின்னுதைப்பைத் தாங்கும் எடை

உள்ளங்கையில் அடங்கும் 9 மி.மீ கைத்துப்பாக்கிக்குள் நுட்பமான பூட்டு ஒன்று இருக்கிறது. தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலும் அதன்மேல் ஓடும் சறுக்கியும் ஒன்றோடொன்று பிணைந்து சில மில்லிமீட்டர் தொலைவு பின்னோக்கி நகர்கின்றன. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பின்னரே குழலின் பின்முனை கீழே சாய்ந்து பிணைப்பு விடுபடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஜான் பிரௌனிங் வகுத்த இவ்வழியையே இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அதே தோட்டாவைச் சுடும் மலிவு விலைக் கார்பைன் ஒன்றைத் திறந்து பாருங்கள். தோளில் அணைத்துச் சுடும் அந்தப் பெரிய கருவிக்குள் பூட்டு என்று எதுவுமே இல்லை. குழலின் பின்வாயை அடைத்து நிற்பது கனமான அடைப்புக்கட்டை. அதன் பின்னே ஒரு சுருள்வில். அவ்வளவே. சிறிய கருவிக்குச் சிக்கலான பொறியும் பெரிய கருவிக்கு எளிய பொறியும் அமைந்தது ஏன் என்று ஆராய்ந்தால், இவ்வகைத் துப்பாக்கிகளை ஒப்பிட்டுத் தேர்வதற்கான அளவுகோலும் கிடைத்துவிடும்.

இத்துப்பாக்கிகளின் தாயகம் அமெரிக்கா. கார்பைன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இந்தியக் காவல் துறையினரின் தோளில் தொங்கும் 9 மி.மீ தானியங்கி ஆயுதம். இங்கே 9 மி.மீ தோட்டா பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுவோர் வாங்கும் கார்பைனோ விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டைச் சுடுவது. கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்னும் எண்ணம் அந்நாட்டில் பழையது. 1873ஆம் ஆண்டின் வின்செஸ்டர் துப்பாக்கிக்கென உருவான .44-40 தோட்டாவைச் சில ஆண்டுகளிலேயே கோல்ட் நிறுவனத்தின் சுழல்துப்பாக்கியும் ஏற்றுக்கொண்டது. குதிரைமேல் நெடுந்தொலைவு செல்பவனுக்கு ஒரே வகைத் தோட்டாவைச் சுமந்தால் போதும் என்பது பெரும் வசதி.

இன்றைய காரணங்கள் வேறு. 9 மி.மீ தோட்டா மலிவானது, எங்கும் கிடைப்பது. உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவற்றின் பின்சுவர் கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்குமே தவிர, போர்த்துப்பாக்கிக் குண்டுகளின் வேகத்தைத் தாங்காது. அத்தகைய இடங்களில் தோளில் அணைத்துச் சுட விரும்புவோர்க்கு இவ்வகைக் கார்பைனே வாய்ப்பு. கைத்துப்பாக்கியைப் பிடித்துக் குறிதவறி மனம் சோரும் புதியவர்கூடத் தோள், கன்னம், இரு கைகள் ஆகிய நான்கு பற்றுகளோடு சுடும்போது இலக்கைத் தொட்டுவிடுகிறார்.

குழலின் நீளத்தை முடிவு செய்தது இயற்பியல் அன்று, சட்டம். 1934இல் இயற்றப்பட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் வழிவந்த விதிப்படி, தோளில் வைத்துச் சுடும் சுரிகுழல் துப்பாக்கியின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் தனிப் பதிவு வேண்டும். எனவே சந்தையிலுள்ள கார்பைன்களின் குழல்கள் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டி, ஏறத்தாழ 41 செ.மீ நீளத்தில் நிற்கின்றன. ஆனால் 9 மி.மீ தோட்டாவுக்கு இத்துணை நீளம் தேவையில்லை. அதனுள் இருக்கும் வெடிமருந்து அரைக் கிராமுக்கும் குறைவு; விரைந்து எரிந்து தீர்வது. குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் எரிதல் முடிந்துவிடும். எஞ்சிய நீளத்தில் விரிந்து குளிரும் வளிமம் மட்டுமே குண்டைத் தள்ளுகிறது. 8 கிராம் எடையுள்ள குண்டு, கைத்துப்பாக்கியின் 4 அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் புறப்படும் என்றால், 16 அங்குலக் குழலிலிருந்து 400 மீட்டரை ஒட்டிப் புறப்படும். நான்கு மடங்கு நீளத்துக்கு ஈடாகக் கிடைப்பது ஏழில் ஒரு பங்கு வேகம். மெதுவாக எரியும் மருந்தை மிகுதியாகக் கொண்ட .357 மேக்னம் தோட்டாவிலோ கைத்துப்பாக்கியில் 440 மீட்டரை ஒட்டிய வேகம், நீண்ட குழலில், சில வகைகளில், 600ஐ நெருங்குகிறது. எனவே 9 மி.மீ கார்பைன்களின் குண்டு வேகங்களை அட்டவணை போட்டு ஒப்பிடுவது வீண் முயற்சி என்றே கருதுகிறேன். எல்லாம் ஒரே நீளம், ஒரே தோட்டா. வேறுபாடு விரல்விட்டு எண்ணக்கூடியதே. உண்மையான வேறுபாடு குண்டுக்கு எதிர்த்திசையில் நிகழ்வதில் இருக்கிறது.

அதனை அருகிலிருந்து காண்போம். 9 மி.மீ தோட்டாவின் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2,400 மடங்கு. குழலின் குறுக்குவெட்டுப் பரப்பில் அது செலுத்தும் விசை 1,500 கிலோ எடைக்கு ஒப்பானது. அதே விசை தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பின்னோக்கி அடைப்புக்கட்டையின் மேல் அழுத்துகிறது. இதைச் சுருள்வில்தான் தடுத்து நிறுத்துகிறது என்று பலர் எண்ணுவர். கையால் இழுத்து மடக்கக்கூடிய வில்லுக்கு அந்த வலிமை ஏது? தடுப்பது கட்டையின் நிலைமம். குண்டும் கட்டையும் ஒரே விசையை எதிரெதிர்த் திசைகளில் பெறுகின்றன. இலேசான குண்டு பறக்கிறது, கனத்த கட்டை சோம்பி நகர்கிறது.

கட்டையின் எடை 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் குண்டைப் போல் அது ஏறத்தாழ 87 மடங்கு. உந்தம் காக்கப்படுவதால், உராய்வைப் புறந்தள்ளிக் கணக்கிட்டால், குண்டு குழலுக்குள் 10 செ.மீ ஓடும்போது கட்டை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே கடந்திருக்கும். குண்டு குழல்முனையை அடையும்போது நான்கரை மில்லிமீட்டர் அளவுக்குப் பின்வாங்கியிருக்கும். அதற்குள் அழுத்தம் பெரிதும் தணிந்துவிடும். கட்டையின் எடையைப் பாதியாக்கினால் இத்தொலைவுகள் இருமடங்காகும். அழுத்தம் போதிய அளவு தணியுமுன்பே பித்தளைக் கூட்டின் மெல்லிய சுவர் குழலறையின் காப்பை விட்டு வெளியே வரும். கூடு கிழிந்து எரிவளிமம் சுடுபவரை நோக்கிச் சீறக்கூடும். ஆகவே பூட்டு இல்லாத துப்பாக்கிக்குக் கட்டையின் எடையே பூட்டு. அவ்வளவு எடையுள்ள சறுக்கியைக் கைத்துப்பாக்கியின் மேல் ஏற்றினால் இடுப்பில் சுமக்க முடியாது. அதனால்தான் அங்கே பிரௌனிங்கின் நுட்பம் வேண்டியிருந்தது. தோளில் தாங்கும் கார்பைனில் எடைக்கு இடமுண்டு. நுட்பத்துக்குச் செலவிடும் பணம் மிச்சம்.

ஆனால் அந்த எடை ஓடுவது சும்மா இல்லை. குண்டும் வளிமமும் சேர்ந்து எடுத்துச் செல்லும் உந்தத்துக்கு ஈடாக 700 கிராம் கட்டை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாய்ந்து, தடத்தின் முடிவில் மோதுகிறது. பிறகு வில்லால் தள்ளப்பட்டு முன்னே வந்து குழலில் மோதுகிறது. சுடுபவர் தோளில் உணர்வது ஒரே உதை அன்று. தொடர்ந்து வரும் அதிர்வுகள். வலிமை மிகுந்த 5.56 மி.மீ தோட்டாவைச் சுடும் ஏஆர்-15ஐவிட 9 மி.மீ கார்பைன் சில நேரங்களில் முரட்டுத்தனமாக உதைப்பது இதனால்தான். அங்கே இலேசான கட்டை சுழன்று பூட்டிக்கொள்கிறது. இங்கே கனம் ஓடி மோதுகிறது. இம்மோதலை ஒரு நிறுவனம் எவ்வாறு கையாள்கிறது என்பதே 300 முதல் 700 டாலர் வரையிலான விலைப்பட்டியலில் நாம் பார்க்க வேண்டியது.

விலைப் படிநிலையின் அடியில் நிற்பது ஒஹையோ மாநிலத்தின் ஹை-பாயிண்ட் 995. இதன் தோற்றத்தைப் பலர் பழிக்கின்றனர். அதன் பொருளியல் தெளிவை நான் மதிக்கிறேன். எஃகைக் கடைந்து செய்ய வேண்டிய பெரும் பாகங்களை அது துத்தநாகக் கலவையில் அச்சுவார்ப்பாக வார்த்தெடுக்கிறது. அக்கலவை 400 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகுவது. எஃகு அச்சுகளில் விரைவாக வார்க்கலாம், கடைசல் வேலை குறைவு. குறை என்னவென்றால் அதன் அடர்த்தி எஃகைவிடக் குறைவு, வலிமையும் குறைவு. ஆகவே வேண்டிய எடையைப் பெறப் பருமன் கூடுகிறது. துப்பாக்கி தடித்துத் தெரிவதற்குக் காரணம் அழகுணர்ச்சியின்மை அன்று, அடர்த்திக் கணக்கு. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் அதற்கே உரியது, பத்துத் தோட்டாக்கள் கொள்வது. வார இறுதியில் தகரக் குவளைகளைக் குறிவைத்து மகிழ்பவருக்கு அது போதும்.

புளோரிடாவில் ஜார்ஜ் கெல்கிரென் வடிவமைத்த கெல்-டெக் சப்-2000 எதிர்த்துருவம். அதன் முன்பாதியைத் தூக்கிப் பின்பாதியின் மேல் மடித்தால் 16 அங்குல நீளமே மிஞ்சும், முதுகுப்பைக்குள் வைத்துவிடலாம். மொத்த எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. மடிப்பின் அழகில் மயங்கி வாங்குவோர் உந்தக் கணக்கை மறந்துவிடுகின்றனர். ஒரே உதையில் 3.1 கிலோ துப்பாக்கி நொடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில் பின்வாங்கினால், 1.8 கிலோ துப்பாக்கி 1.9 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். தோளை வந்தடையும் ஆற்றல் முக்கால் பங்கு கூடுதல். அடைப்புக்கட்டை ஓடும் உருளையின் மேலேயே கன்னத்தைப் பதிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு வெடிப்பையும் தாடை உணரும். பழைய வடிவங்களில் மேலே ஒளிக்குறிநோக்கி பொருத்தினால் மடிக்க இயலாது. மூன்றாம் தலைமுறையில் முன்பாகத்தைத் திருகித் திருப்பி அக்குறையைத் தீர்த்தனர். சுமப்பதற்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு பிற்பகல் முழுவதும் சுடுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2017இன் இறுதியில் ரூகர் நிறுவனம் வெளியிட்ட பிசி கார்பைனில்தான் இயற்பியல் முழு மதிப்போடு நடத்தப்பட்டிருக்கிறது. அதன் அடைப்புக்கட்டைக்குள் டங்ஸ்டன் உலோக எடை ஒன்று சிறிது முன்பின் நகருமாறு பொதிந்துள்ளது. டங்ஸ்டனின் அடர்த்தி எஃகைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எனவே சிறிய இடத்தில் பெரிய நிலைமம் கிடைக்கிறது. கட்டை தடத்தின் முடிவில் மோதி நிற்கும்போது உள்ளிருக்கும் எடை சற்றுத் தாமதித்து வந்து மோதுகிறது. ஒரே கூர்மையான அடி இரண்டாகப் பிரிந்து, நீண்ட நேரத்தில் பரவிவிடுகிறது. உந்தம் அதே அளவுதான், ஆனால் உச்ச விசை குறைகிறது. உள்ளே ஈயக்குண்டுகள் நிரப்பிய பட்டறைச் சுத்தியல் துள்ளாமல் படிவதும் இந்த முறையில்தான். கட்டையின் ஓட்டத் தொலைவும் குறைகிறது, குழல்முனை எழும்புவதும் தணிகிறது. வெளியீட்டின்போது 649 டாலர் என்று அறிவிக்கப்பட்ட விலைக்கு இது நேர்மையான பொறியியல்.

மோதலைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1985 முதல் 1999 வரை விற்பனையான மார்லின் கேம்ப் கார்பைன் சான்று. அழகிய மரத் தோள்கட்டை, எளிய அமைப்பு. அடைப்புக்கட்டையின் மோதலைத் தாங்க ஒரு சிறு நெகிழித் திண்டு வைத்திருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நெகிழி பொரிந்து உதிர்ந்துவிடும். பிறகு உலோகம் உலோகத்தில் மோதி, அதிர்வு மரத்துக்குப் பாய்ந்து, தோள்கட்டை விரிசல் காணும். இன்றும் பழைய கேம்ப் கார்பைனை வாங்குவோர் முதலில் அத்திண்டையும் வில்லையும் மாற்றுகின்றனர்.

மேகசினைப் பற்றி ஒரு சொல். சுட மறுக்கும் துப்பாக்கிகளில் குற்றவாளி பெரும்பாலும் இதுவே. வாயிலுள்ள இரு மடிப்புகள் சிறிது விரிந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் எழும். புதிதாக மேகசின் வடிவமைப்பதைக் காட்டிலும், பல்லாண்டுகள் சோதிக்கப்பட்ட கைத்துப்பாக்கி மேகசினைக் கடன் வாங்குவது அறிவுடைமை. ரூகரில் மேகசின் செருகும் கூட்டையே கழற்றி மாற்றி, ரூகரின் சொந்த மேகசினையோ கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசினையோ செருகலாம். கெல்-டெக்கை வாங்கும்போதே எந்த நிறுவன மேகசினுக்குரியது என்று தெரிவு செய்ய வேண்டும். 2023இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஃப்பிசி தன் எம்அண்ட்பி கைத்துப்பாக்கியின் மேகசினை ஏற்பதோடு பக்கவாட்டில் மடிவதால் குறிநோக்கியைக் கழற்ற வேண்டியதில்லை; ரூகருக்கு உண்மையான போட்டி இதுவே. அதே ஆண்டில் வந்த ஹென்றி ஹோம்ஸ்டெடர் வால்நட் மரத் தோள்கட்டையின் அழகால் கவர்கிறது. விலை இவ்வரிசையை மீறுகிறது. உருளைகளாலோ சுழற்சியாலோ அடைப்புக்கட்டையின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தும் உயர்வகைக் கார்பைன்கள் மென்மையானவைதாம். அவற்றின் விலையில் இவற்றுள் ஒன்றையும் பல பெட்டித் தோட்டாக்களையும் வாங்கிவிடலாம்.

சுடுதளத்தில் புதியவரைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. குறிநோக்கி குழலுக்கு 6 செ.மீ மேலே அமைந்திருந்தால், 5 மீட்டர் தொலைவில் குண்டு குறிக்குக் கீழே ஏறத்தாழ அதே அளவு தாழ்ந்து படும். துப்பாக்கி பழுதன்று, பார்வைக்கோடும் குண்டின் பாதையும் அங்கே இன்னும் சந்திக்கவில்லை. 45 மீட்டரில் இரண்டும் சந்திக்குமாறு திருத்தினால் 90 மீட்டரில் குண்டு சில அங்குலம் தாழும். அதற்கப்பால் இத்தோட்டாவை வருத்துவதில் பொருளில்லை. குழல் நீண்டிருப்பதால் ஓசை தணியும் என்று காதுகாப்பைக் கழற்றுவதும் தவறு. ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை மீறும் குண்டு தனியே அதிர்வெடியோசை எழுப்புகிறது.

பூட்டில்லாத பொறிக்குத் தூய்மையும் கூடுதலாக வேண்டும். அழுத்தம் முற்றும் தணியுமுன்பே கூடு நகரத் தொடங்குவதால் கரியும் புகையும் பின்னோக்கி வந்து கட்டையிலும் விசைப்பொறியிலும் படிகின்றன. ரூகரை நான் முதலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: சற்றே திருகினால் அதன் குழல் தனியே கழன்றுவிடும், தூரிகைக் கம்பியைப் பின்முனை வழியே செலுத்தலாம். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் முன்முனை விளிம்பில் கம்பி உராய்ந்து துல்லியம் கெடுவதில்லை.