டவுன் சிண்ட்ரோம் உள்ள உங்கள் பிள்ளையும் பக்கவாதமும்

உங்கள் வீட்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனோ, மகளோ, பேரப்பிள்ளையோ இருந்தால் இந்தக் கையேடு உங்களுக்கானது. அவர் நாற்பது வயதைத் தாண்டியவராகவும் இருக்கலாம். முன்பு இப்பிள்ளைகள் நெடுநாள் இருக்கமாட்டார்கள் என்றே சொல்வார்கள். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று ஏறக்குறைய 60.

பக்கவாதம் என்றால் இரத்த அழுத்தம் உள்ள வயதானவர்களுக்கு வருவது என்று நாம் நினைக்கிறோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் இவர்களுக்குச் சிறுவயதிலேகூடப் பக்கவாதம் வரலாம். காரணங்கள் வேறு.

முதல் காரணம் இதயம். டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். அப்படிப்பட்ட இதயத்தில் இரத்தம் கட்டியாகி, அது மூளைக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் தொடங்கியதே 1992இல்தான். அதற்கு முன்பு தோட்டத்தில் பிறந்த உங்கள் பிள்ளையின் இதயத்தை யாரும் ஸ்கேன் செய்து பார்க்காமலேயே இருந்திருக்கலாம். லயத்து மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? உதடும் நகமும் நீலம் பாய்கிறதா? டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது தூக்கம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, உட்கார்ந்தபடியோ முன்னால் குனிந்தபடியோ தூங்குவது ஆகியவற்றை “அவன் பழக்கம் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இவர்களிடம் மிக அதிகம். அது இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் கெடுக்கும்.

மூன்றாவது, பலரும் கேள்விப்படாத ஒன்று: மொயாமொயா. இது ஜப்பானியச் சொல். புகை மண்டலம் போல என்று பொருள். மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்க, பக்கத்தில் நூல் போன்ற சிறு குழாய்கள் முளைக்கும். ஸ்கேன் படத்தில் அவை புகை போலத் தெரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. தேம்பித் தேம்பி அழுத பிறகோ, சூடான சூப்பை ஊதி ஊதிக் குடித்த பிறகோ ஒரு கை சற்று நேரம் சோர்ந்து தொங்கி, பிறகு தானே சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது. அதுதான் எச்சரிக்கை. நேரத்தோடு கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை மூலம் மூளைக்குப் புது இரத்த வழி அமைக்க முடியும்.

கிளினிக்கில் என்ன கேட்கலாம்?

எல்லாருக்கும் மூளை ஸ்கேன் தேவையில்லை. மேலே சொன்ன அறிகுறி இருந்தால்தான் டாக்டர் அதற்கு அனுப்புவார். ஆனால் இதயப் பரிசோதனை, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, எடை ஆகியவற்றைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்த அளவை ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எப்போதும் 100 இருப்பவருக்கு இப்போது 130 என்றால், மற்றவர்களுக்கு அது சாதாரணமாக இருக்கலாம். இவருக்கு ஏன் ஏறியது என்று கேட்க வேண்டும். ஓ.கே.யு. அட்டை உள்ள குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் இல்லை.

ஒரு பரிசோதனையை வீட்டிலேயே செய்யலாம். உங்கள் பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் அவர் சிரிப்பதை, இரு கைகளையும் தூக்குவதை, நடப்பதை, தன் பெயரைச் சொல்வதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அவருடைய வாய் எப்போதுமே கொஞ்சம் கோணலா, பேச்சு எப்போதுமே இப்படித்தானா என்பது அவரை அன்றுதான் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் இல்லாத நாளில்? அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டாருக்கும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

திடீர் மாற்றம் தெரிந்தால்

வாய் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கை அல்லது கால் விழுந்துவிடுவது, பேச்சு நின்றுபோவது, நடை தடுமாறுவது. சொன்னதைச் செய்யத் தெரியாதவர் என்றால், அவருக்குப் பிடித்த பிஸ்கட்டை ஒரு பக்கமாக நீட்டிப் பாருங்கள், பிறகு மறுபக்கம். எந்தக் கை வரவில்லை என்று தெரிந்துவிடும். “பிடிவாதம் பிடிக்கிறான்”, “டவுன் சிண்ட்ரோம்தானே காரணம்” என்று நீங்களும் சொல்லாதீர்கள்; மற்றவர் சொன்னாலும் விடாதீர்கள்.

எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் தேடாதீர்கள். தண்ணீரோ சோறோ கொடுக்காதீர்கள், புரையேறும். வீட்டிலிருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம். மூளையில் இரத்தக் கசிவாக இருந்தால் அது ஆபத்து.

கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மலையிறங்கி ஈப்போ போய்ச் சேரவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே உடனே 999. எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், எத்தனை மணிக்கு மாறினார் என்பதைச் சொல்லுங்கள். தமிழில் வாதம் என்றால் மூட்டுவாதமும் வாதம்தான். இதை மொழிபெயர்க்கும் நாங்களே தடுமாறுவோம். ஆகவே போனில் “ஸ்ட்ரோக்” என்றே சொல்லுங்கள். மலாயில் “அங்கின் அஹ்மார்” என்றாலும் புரியும்.

இரத்த அழுத்த நோட்டையும் ஓ.கே.யு. அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை கைக்கு அகப்படவில்லை என்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அதை மறுநாள் கொண்டுபோய்க் காட்டலாம்.